மறதி மன்னன்

"வலது கையால இடது காது. இடது கையால வலது காது. மூச்சை இழுத்துக்கிட்டே உட்காரு, விட்டுக்கிட்டே எழுந்திரு. ம், ஆரம்பி!"

லாண்டரிக் கடையின் நட்டநடுவில் நின்று தம்பி தோப்புக்கரணம் போட ஆரம்பித்தான். தலை பாதி நரைத்தவன். கல்லூரியில் சேரும் வயதில் அவனுக்கு ஒரு மகள் இருக்கிறாள்.

"தெருவுல போறவங்க எல்லாம் பாக்கறாங்கக்கா. உள்ளே போய்ச் செய்யட்டுமா?"

"பாக்கட்டும். வெட்கம் வந்தாத்தான் மறதி போகும்."

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கணவர் போன பிறகு தனி ஆளாகத் தூக்கி நிறுத்திய கடை இது. துணி மாறிப்போனது என்று ஒரு சொல் வந்ததில்லை, போன வருஷம் வரைக்கும். இந்த வருஷம்தான் தம்பிக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. இவர் சட்டை அவர் பைக்குள் போகிறது. துவைக்கப் போட்ட பேன்ட் துவைக்காமலே மடிப்பாகிறது. போன வாரம் காலையில் வந்து பார்த்தால், அயர்ன் பாக்ஸ் சுவிட்ச் போட்டபடியே கிடக்கிறது.

"நீதானே?" என்பாள்.

"ஆமாக்கா, மறந்துட்டேன்" என்பான்.

ஒரு தடவையாவது இல்லை என்று எதிர்த்துப் பேசினால் அவளுக்குக் கோபம் ஆறியிருக்கும். அதுவும் கிடையாது.

கடைச் சாவியை அவனிடமிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மறதி மன்னன் என்று பட்டம் கட்டினாள். செல்போனில் இந்தப் பயிற்சியைப் பார்த்ததும், தினமும் கடை திறந்தவுடன் செய்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். தேறலைன்னா வேற ஆளை வெச்சுக்குவேன். கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன்."

"சரிக்கா. நீயும் கூட நின்னு செய்யேன்."

"எனக்கு எதுக்கு? என் மூளை இன்னும் பளபளன்னு இருக்கு."

"சும்மா, துணைக்குத்தான்."

இப்படிக் கெஞ்சுகிறானே என்று அவளும் கல்லாவுக்குப் பின்னால் நின்று நாலைந்து போட்டுவைத்தாள். முட்டிதான் முனகியது.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு டீச்சர் துணி போட வந்தார்.

"என்னங்க இது? என் வகுப்புப் பிள்ளைங்களைக்கூட நான் இப்படிப் போட வைக்கிறதில்லையே!"

"போன மாசம் உங்க ஸ்வெட்டரை யாருக்கோ தூக்கிக் குடுத்தானே, அதுக்கு வைத்தியம். இவன் மண்டையில ஒண்ணும் நிக்கிறதில்ல டீச்சர்."

"ஸ்வெட்டரா? அதை அன்னிக்கு..." என்று டீச்சர் ஆரம்பித்தார்.

தம்பி காதைப் பிடித்தபடியே வேகமாகத் தலையை ஆட்டினான்.

"தலையை ஆட்டாதே, மூச்சு கலைஞ்சிடும்!" என்று அதட்டினாள் அக்கா. டீச்சர் பேச்சை விழுங்கிக்கொண்டு துணியை வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே தம்பி மகளைக் கல்லூரியில் சேர்க்க ஊருக்குக் கிளம்பினான்.

"போ, போ. நீ இல்லாம ஒரு நாளாவது கடை ஒழுங்கா நடக்கட்டும்."

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். "சாயங்காலம் பூட்டும்போது அயர்ன் பாக்ஸை..."

"யாருக்குடா சொல்றே? கிளம்பு!"

மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதுமே கருகல் வாடை முகத்தில் அடித்தது. மேஜை விரிப்பு பொசுங்கி, அடியில் பலகை வரைக்கும் கறுத்திருந்தது. அயர்ன் பாக்ஸில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"டேய்!" என்று கத்தினாள்.

கடையில் யாருமில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். அவன் நேற்று மதியமே போயாகிவிட்டது. கடைசிச் சட்டையைத் தேய்த்தது அவள். கடையைப் பூட்டியது அவள். சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் பையோடு வந்தார்.

"நேத்து சாயங்காலம் நீங்க குடுத்த துணி என்னோடது இல்லீங்க. தம்பி இல்லையா? பரவாயில்ல, எப்பவும்போல அவரே வீட்டுக்கு வந்து மாத்திக் குடுக்கட்டும்."

"எப்பவும்போலன்னா?"

டீச்சர் தயங்கினார். "ஸ்வெட்டரை அன்னிக்கு வேற யாருக்கோ தூக்கிக் குடுத்ததும் நீங்கதாங்க. 'அக்காகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா'ன்னு அவர்தான் கேட்டுக்கிட்டாரு."

டீச்சர் போன பிறகு அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். துணி மாறியதெல்லாம் நினைவில்லை. ஆனால் தான் பேசிய பேச்சு மட்டும் ஒன்று விடாமல் நினைவுக்கு வந்தது. எத்தனை பேர் எதிரில் அவனை மட்டம் தட்டினாள்! அவன் பெற்ற மகள் பக்கத்தில் நிற்கும்போதே மறதி மன்னா என்று கூப்பிட்டாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதும் அவன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். வேறு ஆளை வைப்பேன் என்று சொன்ன நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த நாள் காலையில் தம்பி வந்தபோது ஷட்டர் முழுசாகத் திறந்திருந்தது. கடையின் நட்டநடுவில் அக்கா காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"நான்தான்டா, எல்லாம் நான்தான்..." என்று ஆரம்பித்தாள்.

தம்பி கருகிய மேஜையைப் பார்த்தான். பையை ஓரமாக வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் வந்து நின்று, தன் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோக்கா. ஊருக்குப் போற அவசரத்துல அன்னிக்கு அயர்ன் பாக்ஸை அணைக்க மறந்துட்டேன்."