நீல முடிச்சு

"அண்ணே, வெளக்கு வைக்கிற நேரத்துலதான் இந்த லோங்காங்கைக் கிளறணுமா? வீடு பூரா சாக்கடை நாத்தம்."

பவானேஸ்வரி பின்கதவில் நின்று கேட்டாள்.

பக்கத்து வீட்டுத் தம்புசாமி வளைந்த கம்பியோடு, வீட்டுக்குப் பின்னால் ஓடும் லோங்காங் கால்வாய் ஓரம் குந்தியிருந்தார். ஆறு வருடமாக, சாயங்காலம் ஆனால் அவருக்கு இதே வேலை. கம்பியை விட்டு எதையோ இழுப்பார், வாளியில் போடுவார், போய்விடுவார்.

"தண்ணி நிக்கக்கூடாதில்ல தங்கச்சி."

"அதுக்குன்னு ஆளுங்க வருவாங்க லா. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவள் கையிலிருந்த பூத்தட்டைப் பார்த்தார்.

"சரி, இனிமே கிளறலை" என்று கம்பியோடு உள்ளே போய்விட்டார்.

சண்டையில் ஜெயித்த திருப்தி பவானேஸ்வரிக்கு. சாமி மேடைக்கு வந்து, வாடிய மாலையை எடுத்துவிட்டுப் புது மாலை சாத்தினாள். அவள் கட்டும் மாலைக்கு ஆயர் குரோவில் அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கப் பெயர் உண்டு. நீல ராஃபியா கயிற்றை நூலாகக் கிழித்து, பூவுக்குப் பூ இரட்டை முடிச்சு. பூ உதிரும், மாலை அறாது. பழைய மாலை காலில் மிதிபடக்கூடாது, குப்பைத் தொட்டியில் விழக்கூடாது என்பதில் அவள் ரொம்பக் கண்டிப்பு. செலண்டார் தோட்டத்தில் இருந்தபோது ஆற்றில் விட்டதுபோல, இங்கேயும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்கதவுக்கு வெளியே ஓடுகிற தண்ணீரில்தான் விடுவாள்.

தம்புசாமி கிளறுவதை விட்ட எட்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. கால்வாய் நிரம்பி, பின்கதவு வழியாகத் தண்ணீர் அடுப்படிக்குள் வந்துவிட்டது. புருஷன் கணேஸ்வரன் ஃபேக்டரியில். பவானேஸ்வரி ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. ஐஸ்பெட்டி நனையப் போவுது."

"வந்துட்டேன் தங்கச்சி. வேலாயி படமெல்லாம் கட்டிலுக்கு அடியில பெட்டியில இருக்கு. அதை மட்டும் மேல தூக்கி வச்சிடுறேன்."

வேலாயி அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

"அப்புறம் போய்த் தூக்கிக்கலாம் அண்ணே. இங்க நான் ஒத்தை ஆளு."

அவர் அப்படியே போட்டுவிட்டு வந்தார்.

வந்தவர் ஐஸ்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றினார். அடுப்புக் கேஸ் தோம்பை மேசைக்குத் தூக்கினார். அரிசி மூட்டை, டிவி, அலமாரியின் அடித்தட்டுப் புடவைகள் என்று அவள் கைகாட்டியதையெல்லாம் தூக்கித் தூக்கி வைத்தார். பவானேஸ்வரியின் சாமான் ஒன்றுகூட நனையவில்லை.

அவர் வீடு வரிசையில் கடைசி வீடு, தாழ்ந்த வீடு. திரும்பிப் போனபோது தண்ணீர் கட்டிலுக்கு மேலே நின்றது.

மழை விட்டதும் எதிர்வீட்டுச் சாமிநாதன், கால்வாய் ரோட்டுக்கு அடியில் நுழைகிற இடத்தில் இறங்கி, கம்பித் தடுப்பில் அடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய உருண்டையை இழுத்துப் போட்டார். தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

தன் பின்கதவில் நின்றபடியே பவானேஸ்வரி சத்தமாகக் கேட்டாள். "யாரு வீட்டுக் குப்பை அது? இப்படிக் கொட்டுறவங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்காதா?"

சாமிநாதன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதற்குள் தம்புசாமி அந்த உருண்டையை வாங்கிச் சாக்குக்குள் திணித்துவிட்டார்.

"ரம்புத்தான் மரத்து எலைதான். விடுங்க."

மறுநாள் காலையில் பவானேஸ்வரி நாலு தோசை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். ஒத்தாசை செய்த மனுஷனுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

வீடெல்லாம் சேறு. பின்பக்கம் குறுக்கே ஒரு கயிறு கட்டி, கிளிப் மாட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவற்றைப் பிரித்ததில் மேல்தோல் உரிந்து வந்திருந்தது. கல்யாணப் படத்தில் மாலை இருந்தது. மாலைக்கு மேலே வேலாயியின் முகம் இல்லை.

"ஒண்ணுலயாவது அக்கா மொகம் தெரியுதாண்ணே?"

"இல்ல தங்கச்சி. இருந்ததே இவ்வளவுதான்."

நேற்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் அந்த மனுஷனை விட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கயிற்றைப் பார்த்தாள்.

நீலக் கயிறு. விரல் தடிமனுக்கு மூன்று புரியாகப் பின்னிய ராஃபியா. நெடுகிலும் பொடிப்பொடியாக முடிச்சுகள், எல்லாம் இரட்டை முடிச்சு. அது யார் கை முடிச்சு என்று அவளுக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

மூலையில் கிடந்த சாக்கிலிருந்தும் நீல நூல் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது..."

"பூ அழுகிப் போயிடும், நூல் போகாது. தெனம் கம்பியில மாட்டும். அலசிக் காயவச்சுப் பின்னி வச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீ பக்தியா செய்யிறது. எப்படிச் சொல்றது?"

பவானேஸ்வரி அழுதாள். "சொல்லாட்டிப் போவுது. இத்தனை வருஷமா இதையெல்லாம் எடுத்து வச்சு, அலசி... குப்பையில தூக்கிப் போட்டிருக்கக் கூடாதா?"

தம்புசாமி, முகமில்லாத அந்தக் கல்யாணப் படத்தைக் கயிற்றில் நேராக மாட்டினார்.

"சாமிக்குப் போட்ட மாலையாச்சே தங்கச்சி. குப்பையில போட எனக்கும் மனசு வரலை."