கனத்த தந்தி
கிரிம்ஸ்பி துறைமுகத்தை ஒட்டிய பப்பில் சனிக்கிழமைச் சாயங்கால வெயில் வண்ண ஜன்னல் வழியே சிவப்பாக விழுந்து கிடக்கிறது. ஊர்க் கால்பந்து அணி தோற்ற ஆத்திரம் இன்னும் யாருக்கும் அடங்கவில்லை. மூலையில் பெர்னிஸ் நான்கு தந்தி 'பாஸ்' கித்தார் வாசிக்கிறாள்; கனத்த தந்தியை அவள் சுண்டும்போதெல்லாம் மேசைகளில் பியர் கோப்பைகள் அதிர்கின்றன. பாட்டு முடிந்ததும் பாடகன் டெரன் மைக்கில் சிரிக்கிறான். "என்னப்பா, இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? நம்ம கோல்கீப்பருக்குப் பந்து எதுன்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம்ல!" சிலர் சிரிக்கிறார்கள். பெர்னிஸின் தம்பி ரஸ்ஸல் சிரிக்கவில்லை. கோப்பையை மேசை விளிம்பில் அடித்து உடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருகிறான். "இன்னொரு தரம் சொல்லுடா, நாயே!" டெரனைச் சுவரோடு நெருக்கி, உடைந்த கண்ணாடி முனையை அவன் கழுத்தில் அழுத்துகிறான். ரத்தம் கோடாக இறங்கிக் காலரில் ஊறுகிறது. "ரஸ்ஸல், விடுடா அவன!" என்று பெர்னிஸ் அலறுகிறாள். அவன் திரும்பாமலே, டெரனைக் குத்தக் கையை ஓங்குகிறான். அவள் கித்தாரைத் தோளிலிருந்து கழற்றி, இரண்டு கையாலும் தூக்கி, அவன் மணிக்கட்டின்மேல் இறக்குகிறாள். எலும்பு முறிந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நான்கு தந்திகளும் ஒலிபெருக்கியில் இடிபோல உறுமி அதை விழுங்கிவிடுகின்றன. டெரன் கழுத்தைப் பொத்திக்கொண்டு விலகுகிறான். முப்பது வயது ரஸ்ஸல், தொங்கும் கையை மடியில் ஏந்தியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறான். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. அவளை அண்ணாந்து பார்த்து உதட்டை நனைத்துக்கொள்கிறான்.

"அக்கா," என்கிறான், "அம்மாகிட்ட சொல்லிடாத."