பாதி வலி

செண்பகவல்லியின் முடக்குவாத வலியில் பாதியைப் போட்டிருப்பவருக்கு மாற்றும் மருத்துவமனைக் காப்பை ஏழு வருடமாக அணிந்திருந்தார் அவள் கணவர் தணிகாசலம். காலையில் அவர் விரல்கள் விறைத்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட வராது. "பாதிக்கே இந்தக் கூத்தா? இப்படித் திரும்புங்க" என்று அவள்தான் போட்டுவிடுவாள்.

அவள் இறந்த பதினேழாம் நாள், காப்பைத் திரும்ப வாங்க மருத்துவமனைப் பெண் வந்தாள். அதிலிருந்த அளவைப் பார்த்தாள்.

"பத்துல ஒரு பங்குதான் சார் வச்சிருந்திருக்கு."

"இல்லம்மா, பாதி. நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

"மறுநாளே அம்மா குறைச்சிருக்காங்க."

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். இவ்வளவு சின்னத் துளையில் அவள் எப்படி நுழைத்தாள்? ஒரு பொத்தானை அவிழ்த்து மறுபடி போட்டுப் பார்த்தார். வலியே இல்லாத விரலுக்கும் அது இரண்டு முறை நழுவியது.