மழைக் கண்டம்

"பனிக் கண்டம், பாலைக் கண்டம் எல்லாம் பிரமாதம் தர்ஷனி. இந்த மழைக் கண்டத்த மட்டும் மாத்துங்க," என்றார் பதிப்பாளர் பாஸில். இலங்கையின் வரக்காப்பொல நகரில் இருந்த தன் புத்தகக் கடையில், அவளுடைய மாயாஜால நாவலின் வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார்?"

"வருசத்துல பாதி நாள் மழை. மலை கரைஞ்சு இறங்குது. அதுக்குக் கீழேயே சனம் குடியிருக்கு. எந்தப் பைத்தியக்காரன் இருப்பான்? பக்கத்துலயே சமவெளிக் கண்டம் காலியாக் கிடக்குதே!"

"அந்த மண்ணுல அவங்களுக்கு ஒரு பிடிகூட யாரும் எழுதிக் குடுக்கல சார்."

"சரி, அந்த மூட்டை? வீட்டுக்கு வீடு துணியக் கட்டி வாசல்ல வச்சுட்டுத்தான் தூங்குறாங்களாம். ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதினா இப்படித்தான். கற்பனைக்கும் ஒரு அளவு வேணாமா?"

"மாத்த மாட்டேன் சார். ஒரு வரி கூட."

முதல் புத்தகம் போடுகிற பிள்ளைக்கு இவ்வளவு வீம்பா? வேறு பதிப்பகம் பார்த்துக்கொள் என்று சொல்ல பாஸில் வாயெடுத்தார். அதற்குள் போனில், தகரத்தில் கல்லைக் கொட்டியது போல் இரைச்சல். "அக்கா, ஓடையில தண்ணி கலங்கி வருது, மலை இறங்கப்போகுது, கிளம்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

"என்ன சத்தம் தர்ஷனி?"

"மழை சார். தேயிலத் தோட்டத்து லயத்து வீடுகள்ல இருக்கிற எல்லாரும் ஸ்கூலுக்கு ஓடுறோம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த வரிய வெட்டாதீங்க. போன வைக்கிறேன், கையில மூட்டை இருக்கு."