மூன்றாவது கம்ப்ரசர்

போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கும் வேலுத்தாய் முதன்முதலாகப் பாடிய பாட்டு அது. போடியில் தன் ஸ்டுடியோவில் அன்புச்செல்வன் அதை மிக்ஸ் செய்துகொண்டிருந்தான். உரத்த இடங்களை அடக்கிச் சின்னச் சத்தங்களை மேலே கொண்டுவர ஒரு கம்ப்ரசரைப் போட்டான். அவள் குரலுக்கு அடியில் யாரோ மூச்சு விடுவது கேட்டது. அதன் பின்னால் இன்னொன்றைப் போட்டான். மூச்சு முணுமுணுப்பாக மாறியது.

யாரையோ ஒளித்துவைத்துப் பாடியிருக்கிறாளோ என்று சந்தேகம் தட்டியது. போன் போட்டான்.

“யக்கா, ரூமுக்குள்ள உங்ககூட யாரு இருந்தது?”

“ஒத்தையிலதான் பாடுனேன் அப்பு. நீதான கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டிருந்த?”

உண்மைதான். ஆனாலும் மனசு ஒப்பாமல் மூன்றாவதையும் போட்டான். வேறொரு பெண்ணின் குரல் தெளிவாக எழுந்தது. ஒவ்வொரு வரியையும் வேலுத்தாய்க்குச் சற்று முந்தியே அது பாடியது.

பதறிப்போய் மூன்றையும் எடுத்துவிட்டான். அந்தக் குரல் குறையவில்லை. வேலுத்தாயின் குரல்தான் அடங்கிப்போயிருந்தது.

மறுபடி போன் செய்தான்.

“சொல்லு அப்பு” என்றது பாட்டில் கேட்ட அதே குரல். அதற்கு வெகு அடியில், வேலுத்தாய் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.