புருவத்து நடுவுல ரெண்டு கோடு

"மூஞ்சி சுருக்கத்துக்கு ஊசி கீதாமே, காஞ்சிவரத்துல எங்க போடறாங்க?"

வேதகிரி கேட்டதும் டீக்கடையே திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் பாரு, சிரிப்புன்னா அப்பிடி ஒரு சிரிப்பு.

ஆளுக்கு அறுவத்திமூணு வயசு. எங்க ஊரு ஏரி மதகு அவரு கையிலதான். யாரு கயனிக்கு எப்ப தண்ணின்னு அவருதான் தொறந்து வுடுவாரு. வரிச மாறி எவனாச்சும் மடைய வெட்டினா வாயே தொறக்க மாட்டாரு. புருவத்த நெறிச்சி ஒரு மொறப்பு. வெட்டினவனே மண்ண வாரிப் போட்டு மூடிட்டுப் போயிருவான்.

அந்த மொறப்ப நான் அப்பிடியே செஞ்சி காட்டுவேன். பாக்கறவன் வவுத்த புடிச்சிக்குவான்.

"இன்னா வேதகிரி, புதுமாப்ள ஆவப்போறியா?"ன்னாரு முத்துகிருஷ்ணன். "பொண்டாட்டி செங்கேணி பக்கவாதம் வந்து கட்டில்ல கெடக்குது. ஒனக்கு ஷோக்கு கேக்குதா?"

"கெடா ஆட்ட கூட வித்துட்டாராமே. மூஞ்சிக்கு இஸ்திரி போடத்தானா?"ன்னேன் நானு.

வேதகிரி கிளாஸ கீழ வச்சாரு. "நைனா, நீதான் வண்டி வச்சிகினு கீற. இட்டுகினு போறியா?"

போனேன். திரும்பி வந்து செஞ்சி காட்ட மேட்டரு வேணுமே!

போற வழியில மாகறல் தாண்டும்போது கேட்டேன். "பெருசு, பொண்ணு எந்த ஊரு?"

"சீக்கிரம் ஓட்டு. செங்கேணிய பக்கத்து வூட்டு அம்முலுகிட்ட வுட்டுட்டு வந்துகிறேன்."

காஞ்சிவரத்து ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அவரு கையில கண்ணாடிய குடுத்தாங்க. "நெத்தி, கண்ணோரம், புருவத்துக்கு நடுவுல, மூணு எடத்துலயும் போடலாம். வயசு நல்லா கொறஞ்சி தெரியும்."

"வயசு கெடக்குதும்மா. இந்த ரெண்டு கோடு மட்டும் போவணும்." புருவத்துக்கு நடுவுல வெரல வச்சாரு.

"வாணாம் பெருசு, பாதி கெயவன் பாதி கொமரனா ஆயிருவ"ன்னு காதுல சொன்னேன். கண்டுக்கவே இல்ல.

"ஐயா, ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க"ன்னாங்க டாக்டரம்மா. "போட்டா மூணு நாலு மாசம் புருவத்த நெறிக்க வராது. நீங்களே நெனச்சாலும் மொறைக்க முடியாது."

நான் குறுக்க பூந்தேன்.

"யோவ் பெருசு! மொறப்பு இல்லன்னா ஒன்ன எவன் மதிப்பான்? நடவு வருது. ஆளாளுக்கு மடைய வெட்டுவான். மதகு வேலய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்கயா!"

"குடுக்கட்டும்."

"நாப்பது வருச வேலயா!"

"நாப்பது வருசம் மொறச்சிதான் இந்தக் கோடு. இப்ப சும்மா இருந்தாலும் மொறைக்கிற மாதிரியே கீது. நீ போடும்மா."

டாக்டரம்மா ஊசிய எடுக்கல. "வேலையே போயிடும்ங்கறாரு. அப்படி என்னய்யா அவசியம்?"

அவரு கண்ணாடிய டாக்டரம்மாகிட்ட திருப்பிக் குடுத்தாரு.

"வாதம் வந்ததுலேர்ந்து எங்க வூட்டுக்காரிக்குப் பேச்சு புரியல. எதுர்ல நிக்கறவங்க மூஞ்சியப் பாத்துதான் புரிஞ்சிக்குது. நான் சோறு ஊட்டப் போனா, அடிக்க வரேன்னு நெனச்சி கையால மூஞ்சிய மூடிக்குதும்மா."