ஆறாவது புள்ளி

தேவனூரில் செல்லமுத்து நடத்தும் விடுதியில் ஐந்து அறைகள். அதற்கான வெப்சைட்டை பிரிசில்லா செய்துகொடுத்தாள். அறைகளின் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும் பகுதியை, எந்தத் திரைக்கும் பொருந்தும்படி, முதல் வரியிலிருந்து அவளே எழுதினாள். கம்ப்யூட்டரில் சரியாக வந்தது. போனில் மட்டும் படங்களுக்குக் கீழே ஆறு புள்ளிகள் தெரிந்தன. ஆறாவதைத் தொட்டால், ஜன்னலோரம் கட்டில் போட்ட ஓர் அறை வந்தது. அந்தப் படத்தை அவள் ஏற்றவே இல்லை.

மூன்று நாள் தேடினாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். மறுபடியும் ஆறு. அழுகை வருகிற எரிச்சலில் செல்லமுத்துவை அழைத்தாள்.

"எங்க தப்புன்னே தெரியலைங்கண்ணா. சைட்டை நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாத கண்ணு. அதைப் பாத்துத்தான் ஒரு குடும்பம் நேத்து வந்து தங்கியிருக்குது. நானு சேந்தமங்கலம் போயிட்டு இப்பத்தான் வாரேன். நான் வந்தப்ப அவங்க கெளம்பிட்டு இருந்தாங்க. ஜன்னலோரக் கட்டில் ரொம்பப் புடிச்சிருந்துச்சாம்."

"எந்த ரூம்ல தங்கினாங்க?"

போனில் சாவிகள் உரசும் சத்தம் கேட்டது.

"அதான் கண்ணு புரியல. அஞ்சு சாவியும் ஆணியிலதான் தொங்குது. அவங்க குடுத்துட்டுப் போன சாவி என் கையில இருக்குது."